கொய்யா மரத்துச் சிலந்தி

சிதம்பரத்தில் பாசஞ்சர் ஏறும்போது பிடித்த மழை, கடலூர் முதுநகரில் இறங்கும்போது விட்டிருந்தது. வானம் மட்டும் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் ஐந்து நாளாகப் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். படகெல்லாம் கரையில் கிடந்தது. மீன் வராத மீன்கடைத் தெருவில் நாய்கள்கூடச் சுருண்டு படுத்திருந்தன. வெண்மதி தோள்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, சேறு தெறிக்காமல் ஓரமாக நடந்தாள். பைக்குள் கேமரா, ஒரு டஜன் கண்ணாடிக் குப்பிகள், ஸ்பிரிட் பாட்டில், பென்சில், சீட்டுகள் இருந்தன. துக்க வீட்டுக்குப் போகிறவளுக்குக் கேமரா எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்ல அவளிடம் நேரான பதில் இல்லை.

கயல்விழி அவளோடு கல்லூரியில் படித்தவள். இப்போது நெல்லிக்குப்பத்தில் டீச்சர். அவளுடைய அப்பா பழனிவேல் போன வாரம் இறந்துபோனார். செய்தி வந்த அன்று வெண்மதி போகவில்லை. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று தட்டி அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தாள். நேற்று கயல்விழி ஒரு படம் அனுப்பினாள். கீழே ஒரே வரி: ‘எங்க வீட்டுக் கொய்யா மரத்துல. இது என்னா சிலந்தி?’

மனுஷன் செத்ததற்கு வராதவள் சிலந்திக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். அவளுக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

சிலந்தி விஷயத்தில் அந்தப் பக்கத்தில் அவளை விட்டால் ஆளில்லை. சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். வாரத்துக்கு இருபது படமாவது அவள் போனுக்கு வரும். ‘மேடம், இது கடிச்சா ஆபத்தா?’ என்று கேட்பார்கள். பெரும்பாலும் படம் முழுசாகத் திறப்பதற்குள் பெயரைச் சொல்லிவிடுவாள். இந்தப் படத்தை மட்டும் நேற்று பூராவும் பார்த்தாள். பெயர் வரவில்லை.

பெயர் வராதபோது அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பிச்சாவரம் பக்கம் அவள் கண்டெடுத்த ஒரு புதுச் சிலந்தி, அச்சில் வரும்போது அவளுடைய ஆய்வு வழிகாட்டியின் பெயரோடு வந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் அவளைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை. இதுவும் புதுசு என்றால், இந்த முறை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

கயல்விழி கேட்டைத் திறந்து ஒதுங்கி நின்றாள். வா என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. வெண்மதியும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

கயல்விழியின் அம்மா கொளஞ்சியம்மாள் அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தோட்டத்தைப் பார்த்த ஜன்னலைச் சாத்தி, அதன் மேல் ஒரு பழைய புடவையையும் தொங்கவிட்டிருந்தாள். தட்டில் வைத்த சோறு வைத்தபடி காய்ந்திருந்தது.

“அம்மா நாலு நாளா தூங்கலடி,” கயல்விழி கூடத்துக்கு வந்து தணிந்த குரலில் சொன்னாள். “சோறு எறங்கல. அந்தச் சிலந்தியப் பாத்துட்டு, அப்பாதான் வந்து உக்காந்திருக்காருன்னு சொல்லுது.”

“நீ என்னா சொல்ற?”

“நான் சயின்ஸ் டீச்சர். நான் என்னா சொல்றது.” அவள் பின்கட்டுப் பக்கம் பார்த்தாள். “அப்பாவப் பத்தி உங்கிட்ட நான் சொன்னதே இல்ல.”

அன்றைக்குச் சொன்னாள். பழனிவேல் முதுநகரில் வலைக்கடை வைத்திருந்தவர். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கொய்யா மரத்தடியில் நாற்காலி போட்டு, பொழுது விடிந்தால் பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். கடையில் மிச்சமிருந்த நைலான் நரம்பை எடுத்து கேட்டுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று, அடுப்படி ஜன்னலுக்கு ஒன்று, அடிபம்புக்கு ஒன்று, பாத்ரூம் கதவுக்கு ஒன்று என்று கட்டச் சொன்னார். எல்லா முனையும் அவருடைய வலது கையில் இருந்தது. யார் எதைத் திறந்தாலும் அவர் விரலுக்குத் தெரியும்.

“அப்ப உங்கம்மா?”

“அம்மா கையிலயும் ஒண்ணு.” கயல்விழி தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். “ஒரு தடவ இழுத்தா, எங்க இருக்கன்னு அர்த்தம். அம்மா குரல் குடுக்கணும். ரெண்டு தடவ இழுத்தா, வந்து எதிர்ல உக்காரணும். எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு வந்து உக்காரணும். அவரு எழுந்திரின்னு சொல்ற வரைக்கும்.”

“அறுத்துப் போட வேண்டியதுதான.”

“ஒரு தடவ அறுத்துச்சு. தெருவே கூடுற மாதிரி கத்தினாரு. கூடினவங்க எல்லாம் அவருக்குத்தான் பாவம் பாத்தாங்க. கை கால் விழுந்த மனுஷன்னாங்க. நான் ஹாஸ்டல், வேலைன்னு ஓடிட்டேன். அம்மா திரும்பக் கட்டிக்கிச்சு.”

எரித்த மறுநாள் எலும்பும் சாம்பலும் பொறுக்கி மண்கலயத்தில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அன்றே கடலில் கரைத்திருக்க வேண்டியது. புயல் கூண்டால் கடற்கரையில் யாரையும் இறங்க விடவில்லை. அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று கலயத்தின் வாயைத் துணியால் கட்டிக் கொய்யா மரத்தில் தொங்கவிட்டார்கள். அன்று சாயங்காலம் அந்தக் கயிற்றிலிருந்து சுவருக்கு வலை வந்தது.

“இன்னிக்கிச் சாயங்காலம் கூண்டு எறக்கிடுவாங்களாம். நாளைக்கிச் சித்தப்பா தேவனாம்பட்டினத்துக் கடல்ல கரைச்சிடுவாரு. ஒரு துளி மிச்சமில்லாம கரைக்கணும்னு அம்மா சொல்லிக்கினே இருக்குது. ஒரு துளி நின்னாலும் ஆளு நிக்கும்னுது.” கயல்விழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ அந்தச் சிலந்திக்கு ஒரு பேரு சொல்லுடி. எல்லா ஊர்லயும் இருக்கறதுதான்னு சொல்லு. நீ சொன்னா அம்மா நம்பும். ஒரு வாய் சாப்பிடும்.”

பின்கதவைத் திறந்ததும் ஈர மண்ணும் அழுகின கொய்யாப்பழமும் சேர்ந்து மணத்தன. அதற்கு அடியில் இன்னொரு வாடை. கை கால் விழுந்தவர்களுக்குத் தேய்ப்பார்களே, அந்தத் தைலத்தின் வாடை.

“தைல பாட்டில் எல்லாம் இன்னும் இங்கதான் இருக்குதா?”

“அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சே,” என்றாள் கயல்விழி. வாசற்படிக்கு இந்தப் பக்கம் அவள் வரவில்லை. டீ போடுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மரத்தடியில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று நாள் மழையில் தரை, சுவர், இலை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்க, அந்த நாற்காலி மட்டும் காய்ந்திருந்தது. மரம் மறைத்திருக்கும் என்று வெண்மதி நினைத்தாள். அண்ணாந்து பார்த்தாள். கொய்யா மரத்தில் அவ்வளவு இலை இல்லை.

நாற்காலிக்கு மேலே, ஆள் உட்கார்ந்தால் தலை வருகிற உயரத்தில், சிலந்தி இருந்தது.

நாவற்பழம் பருமன். சாம்பல் நிற உடம்பு, அதன் மேல் நரைத்த மயிர். சக்கரமாக வலை கட்டுகிற சிலந்திகள் நடுவில் தலைகீழாகத் தொங்கும். இது தலையை மேலே வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. வலது பக்கத்துக் கால்கள் நான்கும் நான்கு இழைகளை அழுத்திப் பிடித்திருந்தன. இடது பக்கத்துக் கால்கள் நான்கும் துவண்டு தொங்கின. வெண்மதி குறிப்புப் புத்தகத்தில் ‘இடப்பக்கம் காயம்?’ என்று எழுதினாள். கண்கள் எட்டுத்தான். ஆனால் அவை அமைந்திருந்த வரிசை அவள் படித்த எந்தச் சிலந்திக் குடும்பத்துக்கும் பொருந்தவில்லை. வலையில் ஒரு கொசு இல்லை, ஒரு ஈ இறக்கை இல்லை. மழைக்குப் பிறகு மற்ற இடமெல்லாம் கொசு மொய்த்தது. அந்த மரத்தடியில் மட்டும் எதுவும் பறக்கவில்லை.

அது சாத்தியிருந்த அடுப்படி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது.

வெண்மதிக்கு அப்போது பயம் வந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. புதுசு. நிச்சயம் புதுசு.

கேமராவை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. வலை இழை படத்தில் விழ வேண்டுமானால் அதன் மேல் மெல்லிய மாவு தூவ வேண்டும். இந்த வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அவள் எப்போதும் ஒரு சின்ன பாட்டிலில் சோளமாவு வைத்திருப்பாள். இன்று திறந்து பார்த்தால் ஈரத்தில் அது களியாகிக் கிடந்தது. அம்மாவிடம் போய் மாவு கேட்டால் எதற்கு என்று கேட்பாள். சுற்றிப் பார்த்தாள். பின்கதவை ஒட்டிய சுவரில் ஒரு விளக்கு மாடம். விளக்கு ஏற்றவில்லை. உள்ளே ஒரு காகிதக் கவர் மடித்து வைத்திருந்தது.

அது அவளுக்குப் பழகின கவர். சிதம்பரத்தில் கோயில் வாசல் கடையில் கொடுப்பார்கள், நடராஜர் படம் போட்டிருக்கும். பிரித்துப் பார்த்தாள். திருநீறு. கொஞ்சம் மங்கலாக இருந்தது, மழைக்காற்று பட்டிருக்கும். சாமி கோவித்துக்கொள்ளாது என்று நினைத்துக்கொண்டாள். சிதம்பரத்துக்காரிக்குத் திருநீற்றைக் கண்டால் கை தானாகப் போகும். ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். விரலில் நறநறவென்றது. மீதியை உள்ளங்கையில் கொட்டி, வலையைப் பார்த்து மெதுவாக ஊதினாள்.

வலை முழுக்க வெள்ளையாகத் தெரிந்தது.

அவள் நினைத்தபடி சக்கரம் இல்லை. நடுவில் ஒரு சின்ன மேடை, அவ்வளவுதான். அதிலிருந்து நீளமாக, விறைப்பாக, ஒற்றை ஒற்றை இழையாகத் தோட்டம் முழுக்கப் போயிருந்தன. ஒன்று கேட்டுக்கு. ஒன்று பின்கதவுக்கு. ஒன்று அடிபம்புக்கு. ஒன்று பாத்ரூம் கதவுக்கு. ஒன்று அடுப்படி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே.

அவள் வாய்விட்டு ஐந்து என்று எண்ணினாள்.

முகத்தில் ஏதோ பட்டது. சிலந்தி நூல் முகத்தில் படுவது அவளுக்குப் புதிதல்ல. கையால் துடைத்தாள். துடைத்த இடத்திலிருந்து வலை வரைக்கும் ஆறாவது இழை ஒன்று தொய்வில்லாமல் நின்றது.

சிலந்தி முதல் தடவையாக அசைந்தது. நல்ல கால்களால் உடம்பை இழுத்து, துவண்ட கால்கள் பின்னால் இழுபட, அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தது.

பிறகு வலையைத் தின்ன ஆரம்பித்தது. அதில் வெண்மதிக்கு வியப்பு இல்லை. இந்த வகைச் சிலந்திகள் பல, அந்தி சாயும்போது பழைய வலையைத் தின்றுவிட்டுப் புதிது கட்டும். இழையை உருட்டி உருட்டி, மேலே ஒட்டியிருந்த திருநீற்றோடு சேர்த்து, அவசரமில்லாமல் விழுங்கியது. கடைசி இழை தீர்ந்ததும் நின்றது. வெண்மதி குப்பியைப் பக்கத்தில் கொண்டுபோனாள். விரட்ட வேண்டியிருக்கவில்லை. அதுவே நடந்து உள்ளே போனது.

ஸ்பிரிட்டை ஊற்றினாள். கால்கள் மடங்கின. சீட்டில் பென்சிலால் ஊர், தேதி எழுதினாள். பிடித்தவர் என்ற இடத்தில் தன் பெயரை அழுத்தி எழுதினாள். சிலந்தியின் பெயருக்கு உரிய இடத்தை விட்டுவிட்டுச் சீட்டைக் குப்பிக்குள் போட்டு மூடினாள்.

அடுப்படிக்குப் போய்க் கொளஞ்சியம்மாள் எதிரில் உட்கார்ந்தாள்.

“அது சாதாரணத் தோட்டத்துச் சிலந்திம்மா. எல்லா ஊர்லயும் இருக்குது.”

“அதுக்குப் பேரு இருக்குதா?”

“இருக்குது.” வாயில் வந்த ஒரு நீளமான லத்தீன் பெயரைச் சொன்னாள். அப்படி ஒரு சிலந்தி உலகத்தில் கிடையாது. “வலையையும் அதுவே தின்னுடுச்சு. அதப் பிடிச்சுக் குப்பியில போட்டுட்டேன். செத்துப்போச்சு.”

கொளஞ்சியம்மாள் உதட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, காய்ந்த சோற்றில் மோரை ஊற்றி இரண்டு வாய் சாப்பிட்டாள். கயல்விழி நிலைப்படியில் நின்று அழுதாள். வெண்மதிக்கும் தான் ஒரு நல்ல காரியம் செய்ததாகவே தோன்றியது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சித்தப்பா சின்னையன் வந்தார். நல்ல மனுஷர், வெள்ளந்தி. கூண்டு இறக்கிவிட்டார்கள், காலையில் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொன்னார். கால் கழுவப் பின்பக்கம் போனவர் திரும்பி வந்தார்.

“கயலு, மாடத்துல ஒரு கோயில் கவரு வச்சிருந்தேனே, எங்க?”

“என்னா கவரு சித்தப்பா?”

“சிதம்பரம் கோயில் கவரு. அண்ணன் சாம்பல்ல ஒரு பிடி தனியா எடுத்து வச்சேன். ராமேஸ்வரத்துல கரைச்சா புண்ணியம்னாங்க. வூட்டுக்குள்ள வைக்கக் கூடாதேன்னு மாடத்துல வச்சேன்.”

வெண்மதியின் கை தானாக நெற்றிக்குப் போனது.

கொளஞ்சியம்மாளின் பார்வை மெல்ல வெண்மதியின் நெற்றிக்கு வந்தது.

“மொத்தத்தையும் கலயத்துல போடுன்னு சொன்னேனே தம்பி,” என்றாள். கோபமாகக்கூட இல்லை. எழுந்து ஈரத்துணியை எடுத்து வந்து வெண்மதியின் நெற்றியைத் தேய்த்தாள். தோல் சிவந்து எரிகிற வரைக்கும் தேய்த்தாள். வெண்மதி நெற்றியைக் காட்டிக்கொண்டிருந்தாள். மூன்று தடவை சோப்புப் போட்டு முகம் கழுவினாள். சாம்பல் போய்விட்டது. இட்ட இடத்தில் மட்டும் சில்லென்று ஒரு புள்ளி இருந்துகொண்டே இருந்தது.

“மீதி சாம்பல் எங்க?” கொளஞ்சியம்மாள் கேட்டாள்.

“வலை மேல தூவிட்டேம்மா.”

“வலையை அது தின்னுடுச்சுன்னியே.”

“ஆமா.”

“அப்ப அவரு அதோட வயித்துல இருக்காரு.” கையை நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி, வளையல் போடுகிற இடத்தில், ஏழு வருஷத்துத் தழும்பு வெள்ளையாக ஓடியது. “அந்தக் குப்பியக் குடு. அதுவும் கடலுக்குப் போகணும்.”

வெண்மதி பையை அணைத்துக்கொண்டாள். “காலையில நானே கொண்டாந்து தரேம்மா. ஸ்பிரிட் ஊத்தியிருக்குது. இப்பத் தொறக்கக் கூடாது.”

அது பொய். நல்ல பொய்யாகவும் இருந்தது. அவர்கள் நம்பினார்கள்.

அன்றிரவு அங்கேயே தங்கினாள். விடியற்காலையில் கூடத்தில் எல்லோரும் அசந்திருந்த நேரத்தில் அவள் பையைத் திறந்தாள். போன வாரம் ஆய்வகத்துப் படிக்கட்டில் பிடித்த ஒரு சாதாரணச் சிலந்தி இன்னொரு குப்பியில் இருந்தது. அதை எடுத்து வெளியில் வைத்தாள். மற்றதைத் துண்டில் சுற்றி அடியில் திணித்தாள். சாம்பல் என்பது சுண்ணாம்புச் சத்து, வேறென்ன. அம்மாவுக்கு வேண்டியது மன நிம்மதி, அது எந்தக் குப்பியிலிருந்து வந்தால் என்ன. இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிச்சாவரத்துச் சிலந்தியை அவளுடைய வழிகாட்டி எடுத்துக்கொண்டபோதும் இப்படி ஏதாவது சொல்லித்தான் மனசைத் தேற்றியிருப்பார்.

தேவனாம்பட்டினத்தில் கடல் இன்னும் கலங்கலாகவே இருந்தது. சின்னையன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கலயத்தைத் தலைக்குப் பின்னால் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார். கொளஞ்சியம்மாள் முழங்கால் ஆழத்தில் நின்று குப்பியைத் திறந்தாள்.

“சின்னதா இருக்குதே.”

“ஸ்பிரிட்ல கெடந்தா சுருங்கிடும்மா,” என்றாள் வெண்மதி.

கொளஞ்சியம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குப்பியை அலையில் கவிழ்த்தாள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் இருந்ததைப் பார்க்க வெண்மதியால் முடியவில்லை. அவ்வளவு நிம்மதி. ஏழு வருஷத்து மூச்சை அப்போதுதான் விட்டவள் போல இருந்தாள்.

ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது, சாவு வீட்டு வழக்கப்படி, வெண்மதி போய்ட்டு வரேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் வெண்மதிக்கு ஒரு போர்ஷன். ஒற்றை ஆள். அன்று மத்தியானமே மேஜையில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் உட்கார்ந்தாள். கையில் இருந்த நூல்களை எல்லாம் புரட்டினாள். கால் மயிர், கண் வரிசை, நூல் சுரப்பி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்று பொருந்தினால் இன்னொன்று பொருந்தாது. கடலூரில் எடுத்த படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். அறுபது படம். முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று சுற்றிச் சுற்றி எடுத்தது. அறுபதிலும் அது கேமராவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது.

நான்காம் நாள் குப்பியை எடுத்தபோது ஸ்பிரிட் அளவு குறையாமல் இருந்தது. மூடி சுற்றிய டேப் பிரியாமல் இருந்தது. அவள் பெயர் எழுதின சீட்டும் இருந்தது.

சிலந்தி இல்லை.

அன்றிலிருந்து வாசல் தாண்டும்போதெல்லாம் முகத்தில் நூல் பட்டது. துடைத்தால் கையில் ஒன்றும் இருக்காது. பாத்ரூம் கதவைத் திறந்தால் பட்டது. கேஸ் அடுப்புக்குப் போனால் பட்டது. கூடத்து மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி, ஆய்வகம் போய்விட்டு வந்து பார்த்தால் அடுப்படியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் அதைத் திருப்பி வைத்தாள். மறுநாளும் திரும்பியிருந்தது. வீடு பூராவும் தைலம் மணத்தது.

எட்டாம் நாள் அவளால் ஆய்வகத்துக்கே போக முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தாள். நெற்றியில், அந்தச் சில்லென்ற புள்ளியில், ஏதோ விறைத்து இழுத்தது.

ஒரு தடவை.

‘எங்க இருக்க?’

அவள் குரல் கொடுக்கவில்லை. படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கயல்விழி வீட்டு நம்பருக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். ஏமாற்றினேன், மன்னித்துக்கொள்ளுங்கள், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் என்று கேட்டுவிடலாம். கொளஞ்சியம்மாள்தான் போனை எடுத்தாள்.

“கயலு ஸ்கூலுக்குப் போயிருக்கா கண்ணு. நானே உனக்குப் பேசணும்னு இருந்தேன். நேத்து பின்கதவத் தொறந்து போட்டுட்டுத் தூங்கினேன். காத்து வந்துச்சு பாரு, அப்படி ஒரு காத்து. ஜன்னல் பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறேன். ஒன்னாலதான்.”

“அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

வெண்மதி வாயைத் திறந்தாள். அப்போது கூடத்து மூலையில் பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. பாரமான ஆள் சாய்ந்து உட்காரும்போது கேட்கிற சத்தம். அதன் பின்னாலேயே, நரம்பைச் சுண்டினாற்போல் ஒரு மெல்லிய ஒலி.

போனில் டீ உறிஞ்சும் சத்தம் நின்றுபோனது.

தம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“கடல்ல போட்டது அது இல்ல,” என்றாள் கொளஞ்சியம்மாள். அவள் குரல் ரகசியம்போல இறங்கியிருந்தது. “எனக்கு அப்பவே தெரியும். அது அவ்வளவு சின்னது இல்ல.”

“அம்மா.”

“நான் ஏழு வருஷம் இருந்துட்டேன் வெண்மதி. இதுக்கு மேல என்னால ஆவாது. இந்த நம்பருக்கு இனிமே பேசாத.”

போன் அணைந்தது.

வெண்மதி மேஜையில் இருந்த சோளமாவை ஒரு கை அள்ளினாள். அள்ளும்போதே தெரியும், பார்க்காமல் இருப்பதே நல்லது என்று. ஆனால் பார்த்துப் பெயர் சொல்வதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. ஊதினாள்.

மாவு காற்றில் இறங்கி ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. வாசல் கதவிலிருந்து ஒன்று. பாத்ரூம் கதவிலிருந்து ஒன்று. அடுப்படியிலிருந்து ஒன்று. ஜன்னலிலிருந்து ஒன்று. எல்லாம் மூலையில் இருந்த நாற்காலிக்கு மேலே, ஆள் தலை வருகிற உயரத்தில் போய்ச் சேர்ந்தன. அங்கே எதுவும் இல்லை. இழைகள் மட்டும் விறைப்பாக நின்றன.

கடைசி இழை அவள் நெற்றியில் தொடங்கி, கண்ணுக்கு நேரே போனது.

அது இழுபட்டது. ஒரு தடவை.

கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை.

கீழே தெருவில் பூக்காரி கூவிக்கொண்டு போனாள். பட்டப்பகல், வெளியில் நல்ல வெயில். வெண்மதி நாற்காலிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.